மண்ணுல வச்ச கை

கேளுங்கடே. ரொம்பக் காலத்துக்கு முந்தி, உங்க பூட்டன் காலத்துல, கள்ளிமேட்டுல வெயிலுமுத்துன்னு ஒருத்தர் இருந்தாராம். பனை ஏறுத கை. அவர் புடிச்ச புடிய எமனே வந்தாலும் அவுக்க முடியாதுன்னு சொல்லுதாவ. ஆடி மாசம் கோயில் கொடையில புடிச்சண்டன்னா அவர்தான்.

அந்தச் சண்டைக்கு ஒரே சட்டம். விழுந்தவன் உள்ளங்கைய மண்ணுல வச்சிட்டாம்னா அடி நின்னுரணும். அப்பனக் கொன்னவனா இருந்தாலும் நின்னுரணும். அதுக்கு மேல அடிச்சவனுக்கு ஊர்ல ஒரு வாய்த் தண்ணி கெடையாது.

அப்போ சீமையில பெரிய சண்ட. ஊருக்குக் கெழக்க பொட்டல்ல பட்டாளம் கூடாரம் அடிச்சு, நம்ம பயலுவளச் சேத்துச்சாம். துப்பாக்கி கைவிட்டுப் போனா வெறுங்கையால எப்படிச் சண்ட போடணும்னு சொல்லிக்குடுக்க ஒரு தொரை வந்தான். அவனுக்கு என்ன தெரியும்? குத்தத் தெரியும், புடிக்கத் தெரியாது. வெயிலுமுத்தக் கூப்புட்டு விட்டான்.

இவரும் போனாரு. தங்கச்சி மாப்பிள்ள உலகண்ணன் அந்தப் பட்டாளத்துல இருந்தான். நாலு புடி தெரிஞ்சா உசுரோட திரும்பி வருவான்னு ஒரு ஆசை.

கை முறுக்கு, கழுத்துப் புடி, கால் வாருதது, எல்லாத்தையும் ஒளிக்காமக் காட்டுனாரு. தொரை கத்துக்கிட்டான். கத்துக்கிட்டு என்ன செஞ்சான் தெரியுமா? ஒருநா பயலுவ வரிசையா நிக்க, பேசிக்கிட்டிருந்த மனுசனப் பின்னால வந்து காலை வாரிட்டான். வெயிலுமுத்து விழுந்தாரு. வழக்கப்படி வலது கைய மண்ணுல வச்சாரு. வச்சிட்டு ஒடம்பத் தளர விட்டுட்டாரு. சண்டதான் முடிஞ்சு போச்சே.

அந்தக் கையில பூட்ஸ் காலோட ஏறி மிதிச்சான் பாவி. மணிக்கட்டு முறிஞ்ச சத்தம் கடைசியில நின்னவனுக்கும் கேட்டுச்சாம். "விழுந்தவன விடாத. இதான் பாடம்"னு அரைகுறைத் தமிழ்ல சொல்லிச் சிரிச்சானாம். கத்துக்குடுத்த கையடே அது! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நெனச்ச பய, வெளங்குவானா?

அதோட விட்டானா? உலகண்ணனக் கூப்புட்டு, "இன்னொரு கைய நீ மிதி"ன்னான்.

அந்தக் கையும் போச்சுன்னா பனை ஏது, கஞ்சி ஏது? ஆனா வெயிலுமுத்துக்கு நெனப்பு தங்கச்சி மேல. "மிதிச்சிரும் மாப்ள. சொன்ன சொல்லக் கேக்கலேன்னா ஒம்மச் செயில்ல போட்டுருவான். அவ தனியா நிப்பா"ன்னாரு.

உலகண்ணன் குனிஞ்சான். பூட்ஸக் கழத்தித் தூர வச்சான். மச்சான் பக்கத்துல உக்காந்து ரெண்டு கையையும் மண்ணுல வச்சான். "முடியாது தொரை. எங்க ஊர்ல இதுக்கு மேல அடி கெடையாது"ன்னான். அதப் பாத்துப் பக்கத்துல நின்னவன் உக்காந்தான். அவனப் பாத்து அடுத்தவன். வரிசையே மண்ணுல கைய வச்சு உக்காந்துருச்சு. தொரை கத்துதான், எத்துதான், ஒரு பய கையெடுக்கல.

சவுக்கடி வாங்குனானுவ. செயிலுக்கும் போனானுவ. தொரைக்கு என்னாச்சுங்கிய? புதுச் சண்டப் பாடம் கண்டுபுடிச்சாம்னு நெஞ்சுல பதக்கம் குத்துனாவளாம். எங்க கண்டுபுடிச்சான், யார்ட்டக் கண்டுபுடிச்சான்? கேக்க நாதியில்ல. எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது.

அதுலருந்துதான் அந்த எடத்துக்கு மண்தொட்ட பொட்டல்னு பேரு. நம்மூர்ல பட்டாளத்துக்குப் போற பய எவனா இருந்தாலும் செருப்பக் கழத்திட்டு அங்க கைய வச்ச பெறவுதான் பஸ் ஏறுவான். கொடையில எவனாவது கோவத்துல, விழுந்து கை வச்சவன் மேல கை ஓங்கட்டும் பாப்போம். மேளம் நின்னுரும். பாக்குத சனம் அம்புட்டும் மண்ணுல கைய வச்சு உக்காந்துரும். அவன் கைய எறக்குத வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாவ.