முதல் வாய்

“உப்பு கம்மியா கீது.”

“உப்பு கெடக்கட்டும். அந்தக் கதய இன்னிக்கு மட்டும்...”

“நாலு பேரு வாய்ல வெக்கிற பொருளு. பேரு கெட்டா...”

“...உட்டுடுன்றேன். காதுல வாங்கறியா?”

“...என் பேருதான கெடும்?”

நானும் என் வீட்டுக்காரர் துலுக்கானமும் பேசினால் இப்படித்தான் இருக்கும். அவர் ஒன்று பேசுவார், நான் ஒன்று பேசுவேன், இரண்டும் எங்கேயும் சந்திக்காது. உப்பைப் பற்றி அவர் சொன்னது சரிதான், ஐயா. அன்று என் கவனம் உப்பில் இல்லை.

அப்போது சாராயக் கடைகள் திறந்திருந்த காலம். கரையான்சாவடி மெயின் ரோட்டில் வீராசாமியின் சாராயக் கடை இருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி நான் அடுப்பு வைத்து ஆட்டுக்குடல் வறுத்து விற்றேன். அதைப் போட்டி என்பார்கள். குடிப்பவர்கள் தொட்டுக்கொள்ளும் பண்டத்துக்கு எங்கள் பக்கம் சாக்கணா என்று பேர். அந்த ரோட்டில் சாக்கணா விற்ற பெண்கள் நாங்கள் சில பேர் இருந்தோம். பூங்காவனம் முட்டை அவித்து மிளகு தூவித் தருவாள். அங்கம்மாவின் ரத்தப் பொரியலுக்குத் தனிக் கூட்டம்.

என் வீட்டுக்காரர் முதலில் வயல் வேலை செய்தார். வயல்கள் மனைகளான பிறகு அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். கம்பெனியை மூடினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு வாய்தான் வேலை. ஆவடி குவார்ட்டர்ஸில் வெளியூர்க்காரர்கள் நிறைய. பேக்டரி வேலைக்கு வந்தவர்கள், இந்த மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர்களைச் சேர்த்துக்கொண்டு பூந்தமல்லியிலிருந்து கடை கடையாக நடத்திக் கூட்டி வருவார். ஒரு கடையில் ஒரு தட்டுதான். இரண்டாவது கேட்டால் கோபம் வரும். சாப்பிட்டுவிட்டு நடக்க வேண்டும், நடக்கும்போது கதை கேட்க வேண்டும்.

“இந்தா மாமே, நீ நிக்கிறியே, இது வயலு. இங்க நான் ஏர் ஓட்டிகீறேன்.”

“பெட்ரோல் பங்க் இருக்குதே அண்ணாத்தே?”

“பங்க்கு நேத்து வந்தது. வயலு உங்க தாத்தன் பொறக்கறதுக்கு மின்னாடியே கீது.”

வெள்ளைக்காரன் பட்டாளம் தண்ணீர் குடித்த கிணறு என்று ஒன்றைக் காட்டுவார். போன வாரம் வேறு கிணற்றைக் காட்டியிருப்பார். யாரும் குறை சொன்னதில்லை. ஆள் கூட்டி வருகிறார் என்று எல்லாக் கடையிலும் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. வறுத்ததில் முதல் வாய் அவருக்கு. சின்னத் தொன்னையில் அவருக்கென்று தனியாக எடுத்து வைப்போம். அவர் வாயில் போட்டுத் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவோம்.

கடைசிக் கடை என்னுடையது. கடைசிக் கதையும் என்னுடையது.

எங்களுக்கு ராணி என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. நடவுக்குப் போன நாளில் அவளை ஏரிக்கரை நிழலில் உட்கார வைத்திருந்தேன். மத்தியானம் கூழ் குடித்தேன், அவள் பக்கத்திலேயே படுத்தேன், தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அவள் தண்ணீரில் இருந்தாள். நடந்தது இவ்வளவுதான். அதை அவர் என் அடுப்புக்கு முன்னால் நின்று, கரண்டியும் கையுமாக நிற்கிற என்னைக் காட்டிச் சொல்வார்.

“இதோ நிக்கிறாளே, இவதான். அசந்து தூங்கிட்டா. புள்ள கூப்ட்டுச்சு. அம்மா, அம்மான்னுச்சு. எய்ந்தாளா இவ?”

குழந்தை கூப்பிட்டது அவருக்கு எப்படித் தெரியும்? அன்று அவர் வேறு ஊரில் அறுப்பில் இருந்தார். முதலில் எல்லாம் கதையில் அது கிடையாது. ஒரு சனிக்கிழமை சேர்த்தார், கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. பிறகு பிள்ளையின் குரலிலேயே கூப்பிட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எனக்கும் அது கேட்க ஆரம்பித்தது. பாத்திரம் தேய்க்கும்போது கேட்கும். படுத்தால் கேட்கும். தூங்கினால்தானே தப்பு என்று விழித்துக் கிடப்பேன்.

விட்டுவிடச் சொல்லிப் பலமுறை கேட்டேன். “அது இல்லாம ரவுண்டு முடியாது நாகவல்லி. ஜனங்க அதுக்குத்தான் கடைசி வரைக்கும் நடக்கறாங்கோ” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது கதை.

நான் மிகவும் களைத்துப் போயிருந்தேன், ஐயா. வாக்குமூலத்தில் கோபம் இருந்ததாக எழுதாதீர்கள்.

எலி மருந்து வீட்டில் இருந்தது. அன்று உப்பு பார்த்துச் சொன்னவர் ஆட்களைக் கூட்டி வரப் பூந்தமல்லிக்குப் போனார். அவருடைய தொன்னையில் மட்டும் அதைக் கலந்து, மிளகைக் கூட்டிப் போட்டு, அடுப்பு ஓரமாக எடுத்து வைத்தேன். மற்றவர்களுக்கு உள்ளது வாணலியில் சுத்தமாக இருந்தது. அடுத்தவர் வயிற்றில் மண் போடுகிற புத்தி எனக்குக் கிடையாது.

அன்று புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். கலியமூர்த்தி, கடலூர்ப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடிப்பழக்கம் இல்லாதவன், கூட வந்தவர்கள் வற்புறுத்தியதால் வீராசாமி கடையில் அரை கிளாஸ் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். என் வீட்டுக்காரர் கதையை ஆரம்பித்தார். குழந்தை கூப்பிடுகிற இடம் வந்தது.

“அண்ணே, நிறுத்துங்கண்ணே” என்றான் அந்தப் பையன். “அவங்க மூஞ்சியப் பாருங்க.”

இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. துலுக்கானம் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்டால் அவர் தாராளமாகிவிடுவார்.

“கரீட்டா சொன்ன நைனா. இன்னிக்கு மொத வாய் உன்னுது” என்று தொன்னையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அதுவரைக்கும் யாருக்கும் முதல் வாயை விட்டுக்கொடுக்காதவர். இதை நான் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் சாப்பிட்டான். தட்டிவிட்டிருக்கலாம், கை எட்டுகிற தூரம்தான். தட்டிவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தொன்னை காலியாகிவிட்டது. மற்றவர்களுக்குப் பரிமாறினேன்.

பையன் விடியும்வரை தாங்கவில்லை. புதிதாகக் குடித்தவன், சரக்கு கெட்டது என்று முடிவு செய்து வீராசாமியை ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். திரும்பி வந்தபோது அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை, காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அவரும் சாராயத்தில் தண்ணீர் கலந்தவர்தான். அதற்கான தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

துலுக்கானம் அதற்குப் பிறகு ரவுண்டு போகவில்லை. கதையும் சொல்லவில்லை. நான் கேட்டதும் அதுதானே. வீட்டில் சோறு போட்டால், நான் ஒரு வாய் எடுத்த பிறகுதான் அவர் கை வைப்பார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே பல வருஷம் இருந்தோம். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார். அதில் என் கை இல்லை.

பையனின் மனைவி பெயர் வசந்தகுமாரி. புருஷன் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள், அதே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். வருஷா வருஷம் அவன் இறந்த நாளில் என்னிடம் வந்து போட்டி வாங்கிப் போவாள். கடைசியாக விரும்பிச் சாப்பிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை அவனுக்குப் படைப்பாள். நல்ல குடலாகப் பார்த்து, நன்றாகக் கழுவி, என் கையால் வறுத்துக் கொடுப்பேன். ஒருமுறைகூடக் காசு வாங்கியதில்லை. அந்த வகையில் என்மேல் குறை சொல்ல முடியாது.

நேற்றும் வாங்கிப் போனாள். வழக்கமாக அதோடு சரி. நேற்று படையல் முடிந்து, பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். நான் இப்போது தனியாக இருக்கிறேன் என்று வந்தாளாம். பக்கத்தில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நான் வறுத்ததுதான், மிளகு வாசனை அப்படியே இருந்தது. ஒரு பிடி அள்ளி என் வாய்ப் பக்கம் நீட்டினாள்.

“அக்கா, இது அவருக்குப் படைச்சது. இந்த வருஷம் மொத வாய் நீங்க சாப்பிடுங்க.”