அசையாத வெள்ளைக்கோடு

நின்றே வேலை பார்க்கிறவனுக்கு முதலில் போவது குதிகால்தான். எனக்கு இரண்டுமே போய்விட்டது. விசாரணைக்கு உட்கார்ந்தே பதில் சொல்கிறேன், சார்.

செத்துப்போனவர் என் அக்கா வீட்டுக்காரர். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அப்பா இல்லாத என்னை டாக்டருக்குப் படிக்கவைத்தவர். கொடுத்ததை ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்கவே மாட்டார். சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், சபை நடுவே சட்டையைக் கழற்றி முதுகுக் காய்ப்பைக் காட்டினார். "மாப்பிள்ளையோட சர்டிபிகேட்டு இதுதாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று லாரியின் பின்கதவு பிய்ந்து அவர் நெஞ்சில் விழுந்துவிட்டது. நான் டியூட்டியில் இருந்த அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விலா முறிந்திருந்தது. மூச்சு வாங்கியது, வாய் மட்டும் ஓயவில்லை.

"சிஸ்டர், டாக்டர் கையைப் பாருங்க. எம் முதுகுல முளைச்ச கை."

நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "பேசாதீங்க மாமா," என்றேன்.

ஸ்கேன் கருவியை அவர் நெஞ்சில் வைத்தேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். விலா எலும்புக்குக் கீழே திரையில் ஒரு வெள்ளைக்கோடு தெரியும். மூச்சுக்கு மூச்சு அது எறும்புச் சாரைபோல ஊர்ந்தால் நுரையீரல் நெஞ்சுச்சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இடப்பக்கம் ஊர்ந்தது. வலப்பக்கம் ஊரவில்லை. நுரையீரல் கிழிந்து, கசிந்த காற்று அதையே நசுக்கிக்கொண்டிருந்தது. விலா இடுக்கில் ஒரு குழாய் போட்டால் மூச்சு வந்துவிடும். தூக்கத்தில் எழுப்பினாலும் போடுவேன்.

படத்தை நிறுத்திப் பதிவு செய்தேன். நிறுத்திய படத்தில் ஊர்கிற கோடும் ஊராத கோடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று எழுதிய உங்கள் நிபுணர்மேல் தப்பில்லை.

"டியூப் எடுத்து வைக்கட்டுமா டாக்டர்?"

"வேணாம்மா. நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. எக்ஸ்ரேக்கு அனுப்பு."

எக்ஸ்ரே வாசலில் எப்போதும் கூட்டம். அது எனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது மாமா என் விரலைப் பிடித்தார். "மூச்சு முட்டுது மாப்ள. பயமா இருக்கு. கூட வர்றியா?"

அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க போங்க, வந்துடறேன்," என்றேன். கை கழுவப் போனேன். நிதானமாகக் கழுவினேன். வரிசையிலேயே அவர் உயிர் போனது.

ஆத்திரத்தில் செய்யவில்லை. நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. அந்தப் பேச்சு நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆளே போய்விடுவார் என்று நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்கும் அந்தப் பேச்சிலிருந்து விடுதலை கிடைக்கும் என்றுகூட நினைத்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தான். எனக்காக வாதாட வந்திருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எந்தம்பி கை வச்ச தைரியத்துலதான் அவரு போனாரு," என்று சொன்னாள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு குறையும் வைக்கவில்லை; உடுத்த, உண்ண, மருந்து, எல்லாம் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு நான் இன்னும் தரவேண்டிய பாக்கி, ஒரு புருஷன்.