பக்கத் தையல்

எனக்குக் கத்திப் பேசத் தெரியாது, டாக்டர். எங்கள் வீட்டில் அந்தத் துறை என் கணவருடையது. மகள் இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொண்டால், "லாரியில லோடு ஏறுது" என்பார். அவள் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். வயசுப் பெண்ணின் மனசை அப்படி நோகடிக்கலாமா? நான் பெற்றவள் அல்லவா?

நான் தையல்காரி. அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். இளைத்தால் லட்சணமாக இருக்குமே என்று எனக்கும் ஒரு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்வானேன்? அவள் பள்ளிக்கூடம் போனதும் அவளுடைய உடைகளை எடுத்து, பக்கத் தையலைத் துளி உள்ளே தள்ளிப் பிடித்தேன். பழைய தையலைப் பிரித்த தடம்கூடத் தெரியாது. என் கை சுத்தம் அப்படி.

"அம்மா, இது போன மாசம் சரியா இருந்துச்சே?"

"துணி சுருங்கியிருக்கும்டி."

அவள் நம்பவில்லை. கெட்டிக்காரி. பெண்ணை விட்டுக்கொடுக்காமல் அம்மா துணிமேல் பழி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாடு பாதியானது. பிறகு தட்டில் அளைவதோடு சரி. உடை தொளதொளத்தால், அவள் கண்ணில் படுமுன் மறுபடி பிடித்துவிடுவேன். "எப்படிங்க இவ்ளோ அழகா இளைச்சா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். தொழில் ரகசியத்தை யாராவது சொல்வார்களா? கழுத்தெலும்பு துருத்தியபோது நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் உடை இறுக்கும்போதெல்லாம் அவள் என்னிடம்தான் ஓடி வந்தாள், என் மடியில்தான் அழுதாள். இந்த வயதில் அம்மாவைத் தேடும் பெண் எத்தனை வீட்டில் இருக்கிறாள்?

மாடிப்படியில் மயங்கி விழுந்தவளை இங்கே சேர்த்தோம். வீட்டைப் பற்றி அவளிடம் கேட்டீர்கள். "அப்பா கேலி பண்ணுவார். அண்ணன் என் தட்டையே பார்ப்பான். அம்மா மட்டும்தான் ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றாளாம். நீங்களும் அவரையும் மகனையும் உட்காரவைத்துப் புத்தி சொன்னீர்கள். இரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். தண்ணீர் கொடுத்துத் தேற்றியது நான்தான்.

இன்று காலை, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னும் குண்டாதானேம்மா இருக்கேன்? நீயாவது உண்மையச் சொல்லு."

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

ஆமாம், எல்லாம் என் கைவேலைதான். வைத்தியத்துக்கு உதவுமே என்று சொல்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். அந்த வீட்டில் நம்புவதற்கு அவளுக்கும் ஒரு ஆள் வேண்டாமா?