ஜாதகத்தில் போட்ட நம்பர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள், பெண்களுக்குப் போனில் தொல்லை கொடுப்பவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அந்தப் பொண்ணோட நம்பரைக் கொடுத்ததே அவ அப்பாதான்னு, அவளுக்குத் தொல்லை கொடுத்துட்டு ஜாமீன்ல வந்த அந்த ஆளு சொல்றான்டி.”

“எந்த அப்பாடி அப்படிக் கொடுப்பாரு?”

“அவ மூணு தடவை நம்பரை மாத்திட்டா. ஒவ்வொரு தடவையும் அவரு புது நம்பரை ஜாதகத்துல எழுதி, போட்டோவோட வரன் பாக்குற வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்காரு. தான் வயல்ல இருந்தா போன் எடுக்க முடியாதுன்னு பொண்ணு நம்பரையே போட்டுட்டாரு. இவனும் அதே குரூப்புலதான் இருந்திருக்கான்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கூட வேலை பாக்குற பொண்ணுதான் கொடுத்துட்டான்னு நெனைச்சு, அவகூட பேச்சையே நிறுத்திட்டா.”

“சொல்லித் தொலையேன்டி.”

“எப்படிடி? ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன்னு அவனுக்கும் அவளுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.”

முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த சிமெண்ட் லாரியை எங்கள் பஸ் தாண்டியது. பிறகு தோழி தன் போனை எடுத்தாள்.

“அப்பா, நான்தான். என் ஜாதகத்துல யாரு நம்பர் போட்டிருக்கீங்க?”

பதிலைக் கேட்டதும் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“என் நம்பரேதானா? சரிங்கப்பா. அதைப் போட்ட குரூப்புல எத்தனை பேருங்கப்பா இருக்காங்க?”