இரண்டாவது ஆல்பத்தில் நெவில் ஏன் இல்லை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த நாற்காலி மட்டும் வேண்டாம், பூனை முடி அப்பிக்கொள்ளும். எங்கள் இரண்டாவது ஆல்பத்தை நாற்பது வருஷம் கழித்து மறுபடி வெளியிடப் போகிறீர்களாம். அதில் நெவில் ஏன் இல்லை என்று உறையில் இரண்டு வரி போட வேண்டுமாம். இரண்டு வரி போதாது. முழுக் கதையும் சொல்கிறேன். அவர் தோட்டத்தில் இருக்கிறார். தேநீர் வேளை வரை உள்ளே வரமாட்டார்.

அப்போது ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி செய்த பழைய பட்டறை ஒன்றின் மாடிதான் எங்கள் இசைக்கூடம். விண்டர் டிப்போ என்ற எங்கள் குழுவில் மூன்றே பேர். காலின் பாடுவான், அதாவது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பேசுவான். மவ்ரீனாகிய நான் ஒற்றை விரலால் சிந்தசைசர் வாசிப்பேன். மூளை நெவில்தான். குழாயில் தண்ணீர் சொட்டினால் அது என்ன ஸ்வரம் என்று சொல்லிவிடுவார்.

முதல் ஆல்பம் நன்றாக ஓடியது. இரண்டாவதற்காக நெவில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். ஸ்வரங்களை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் சிந்தசைசரை அதுவே வாசிக்க வைக்கும்.

"இனிமே உனக்கு விரல் வலிக்காது, மோ," என்றார்.

"வலிக்கறதுக்கு இருக்கறதே ஒரு விரல்தானே," என்றான் காலின்.

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

"அப்ப நான் என்ன பண்றது?"

"நீ நோட்டப் பாத்துக்க, கண்ணு," என்றார் நெவில்.

அந்தக் காலத்து சிந்தசைசருக்கு ஞாபகசக்தி கிடையாது. நல்ல ஒலி ஒன்று அகப்பட்டால், எந்தக் குமிழ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கடிகார முள்போல ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைக்க வேண்டும். மறுநாள் அதைப் பார்த்துத் திருப்பினால்தான் அதே ஒலி வரும். எங்களுடையதில் முப்பத்திரண்டு குமிழ்கள். வரைவது என் வேலை; காலையில் முதலில் வந்து மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைப்பதும் என் வேலை. எல்லா ஒலிகளும் தயாரான பிறகே டேப்பில் ஏற்றுவோம். அதுவரை நோட்டு ஒன்றுதான் சாட்சி.

ஒரு காலையில் ஒரே ஒரு குமிழை எள்ளளவு நகர்த்தினேன். நோட்டிலும் அழித்து, அதற்கேற்றபடி வரைந்தேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் இல்லையா.

நெவில் வந்து கட்டையை அழுத்தினார். முகம் சுருங்கியது.

"மோ, நேத்து இது இப்படி இல்லையே."

"அதேதான். நோட்டப் பாரு."

பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"குளிருக்கு மாறியிருக்குமோ?"

"எட்டு மணியிலேருந்து அடுப்பு எரியுது, கண்ணு."

"தாத்தாவுக்கு வயசாயிடுச்சு," என்றான் காலின். நெவிலுக்கு இருபத்து நான்கு வயது.

அவ்வளவுதான் செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு குமிழ். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

நெவில் இசைக்கவையைத் தட்டிப் பார்த்தார். சுருதி சரியாக இருந்தது, நாதம்தான் வேறு. சுருதியைத் தொட்டால் அகப்பட்டுக்கொள்வேன் என்று எனக்குத் தெரியாதா. ஐந்தாவது வாரம் அவர் இசைக்கவையையும் நம்பவில்லை. ஒரு கட்டையை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால்தான் அடுத்தது. அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

காது மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். முடிவு என் விலாசத்துக்குத் தபாலில் வந்தது. இரண்டு காதும் மிக நன்றாக இருக்கின்றன, பெரும்பாலானவர்களைவிட நன்றாக, என்று எழுதியிருந்தது. அவர் அன்று ரொம்பக் களைத்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு காகிதத்தைக் காட்டி அவரைக் குழப்புவானேன்?

"சத்தத்துலேருந்து தள்ளியே இருக்கச் சொல்றாங்க, கண்ணு," என்றேன்.

அழுதார். சூப் வைத்துக் கொடுத்தேன். கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஆல்பத்தை நானும் காலினும் முடித்தோம். கோணிப்போன ஒலிகளை அப்படியே விட்டுவிட்டோம். இதற்குமுன் யாரும் துணியாத ஒலிகள் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள், பாவம். உறையில் 'ஒலிகள்: மவ்ரீன்' என்று போட்டது காலின்தான். நான் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் நெவிலுக்கும் எனக்கும் கல்யாணம். நகரப் பூங்காவில் அவருக்கு வேலை கிடைத்தது. இந்த வீட்டில் ரேடியோ கிடையாது. அந்த ஆல்பத்தை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நான் கேட்பேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு. அவருக்கு எதற்குத் தொந்தரவு.

நேற்று வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டே ஏதோ முனகினார். ஜன்னல் திறந்திருந்தது. அந்த ஆல்பத்துக்காக அவர் போட்டு, நாங்கள் சேர்க்காமல் விட்ட மெட்டு அது. நாற்பது வருஷம் பாட வாய் திறக்காத மனிதர். ஒரு ஸ்வரம்கூட மயிரிழை பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தலையை வெளியே நீட்டினேன். "சுருதி கொஞ்சம் இறங்குது, கண்ணு."

"அப்படியா?" என்றார். நிறுத்திவிட்டார். "நல்லவேளை நீ சொன்ன, மோ."

செய்தது எல்லாம் நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் காட்டாதீர்கள், அவருக்குத் தாங்காது. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், கண்ணுகளா. என்னைப் போல அன்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி, உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் வாய்க்கட்டும்.