அந்தோனியார் கண்டுபிடிக்கக் கூடாத ஈ

செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலில் ஆமிக்காரர் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். செபமாலை என் கையில் இருந்தது. காது மட்டும் முன்னால் நின்ற இருவரிடம் போய்விட்டது.

“துலைஞ்சதையெல்லாம் கண்டுபிடிச்சுத் தாற அந்தோனியார் என்ர ஈயை மட்டும் கண்டுபிடிச்சுத் தரக்கூடாது, மச்சான்.”

“என்ன ஈ?”

“மீனை ஏமாத்தக் கட்டின பொய் ஈ. கால்வாய்க்கரை முழுக்க மரம், சுழட்டி வீச இடமில்லை. ரீல் தூண்டில்ல மிதவையோட சேத்துச் சுண்டி விட்டனான். கொப்பில மாட்டிட்டுது.”

“போனாப் போகுது.”

“மனிசீன்ர கலியாணச் சேலைச் சரிகையிலயெல்லோ கட்டினனான்! இப்ப கரையில நாங்கள் பஸ் ஏறுற ஹோல்டுக்கு மேல மின்னிக்கொண்டு தொங்குது.”

பெண்கள் வரிசையிலிருந்து ஈயைத் தொலைத்தவரின் மனைவி ஒரு மெழுகுதிரியை நீட்டினார்.

“இந்தாங்கோ, நீங்களும் கொழுத்தி, காணாமப் போன என்ர சேலைச் சரிகைக்காகக் கேளுங்கோ. ரெண்டு பேர் கேட்டாக் கெதியாக் காட்டித் தருவார்.”