பழுப்புப் புட்டி

எனக்கு மூக்கு கொஞ்சம் மந்தம். அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் யாரும் தொடக் கூசும் மெர்காப்டோ என்ற மருந்து என் பொறுப்பில் இருந்தது. அழுகிய முட்டை நாற்றம். புதுப் புட்டியைத் திறந்து வைப்பது எப்போதும் நான்தான். அலமாரிச் சாவி என் சட்டைப் பையில் இருக்கும்.

அதன் வேலை எளிது. சில புரதங்களில் இரண்டு இழைகள் கந்தகப் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும். மெர்காப்டோ விட்டுக் கொதிக்க வைத்தால் பிணைப்பு அறும். பிறகு ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் இரண்டு கோடுகள் விழும். ஒரே இழை என்றால் ஒரே கோடு. என் புரதம் ஒரே இழை என்று எழுதித்தான் பதினாறு வருடங்களுக்கு முன் நான் பேராசிரியன் ஆனேன்.

ஆராய்ச்சிக்கு வந்த அந்தப் பெண் முதல் மாதமே ஜெல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், ரெண்டு கோடு வருது சார்."

அந்த இரண்டாவது கோட்டை என் காலத்திலேயே நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இவளுக்கு மட்டும் அதை மறைக்கத் தெரியவில்லையே என்று கோபம்தான் வந்தது.

"மூணு தடவை திரும்ப வரட்டும்மா, அப்புறம் எழுதலாம்."

நியாயமான பேச்சுதானே. அன்று மாலை அந்தப் பழுப்புப் புட்டியில் மருந்தைப் பத்துச் சொட்டு மட்டும் விட்டுவைத்துத் தண்ணீர் நிரப்பினேன். அந்த மருந்து அவள் ஒருத்திக்குத்தான் தேவைப்பட்டது. எங்களிடம் அதை யாரும் சோதிப்பதில்லை. நாறினால் நல்ல மருந்து, அவ்வளவுதான். பத்துச் சொட்டே ஊரைக் கூட்டும்.

பிறகு வந்த ஒவ்வொரு புதுப் புட்டிக்கும் அதே கதி. பதினெட்டு மாதம் ஒரே கோடு.

"கை நடுங்குதாம்மா?" என்று அவ்வப்போது பரிவாகக் கேட்பேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கடைசியில் நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. தச்சு வேலை செய்யும் அவள் அப்பா ஒருநாள் வேலைச் சட்டையோடு வந்து நின்றார்.

"நீங்களே சொல்லுங்க சார், எம் பொண்ணுக்கு இந்த வேலை வராதா?"

"எல்லாருக்கும் வந்துடாதுங்க."

அவளும் கதவருகில்தான் நின்றிருந்தாள்.

மறுநாள் மேசையில் இருந்த அந்தப் புட்டியை எடுத்துக் குடித்துவிட்டாள். மிச்சத்தை மருத்துவமனையில் சோதித்ததில் பெரும்பகுதி தண்ணீர் என்று தெரிந்தது. அதை வைத்துத்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். கலந்தது நான்தான். மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அசல் மருந்தாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று மருத்துவரே சொன்னார். ஆக, அவள் இன்று உயிரோடு இருப்பது என்னால். அப்பனும் மகளும் அதற்கு இதுவரை ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.